ராம் பூஸ்டர்: வேலை செய்யுதா, வேலை காட்டுதா?

நண்பர் ஒருவர் 4 ஜிபி லேப்டாப்புக்குக் காசு கொடுத்து ராம் பூஸ்டர் வாங்கினார். "காலி மெமரி கூடுது, ஆனா வேகம் கூடலையே!" என்கிறார்.

பழைய கதைதான். 1995-ல் சாஃப்ட்ராம்95 ராமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. மார்க் ருசினோவிச் போன்றவர்கள் பிரித்துப் பார்த்தால், சொன்ன சுருக்கும் வேலையே உள்ளே இல்லை.

இன்றைய பூஸ்டர்கள் காட்டும் எண் பொய்யில்லை. ஓடுகிற புரோகிராம்களின் தரவை ராமிலிருந்து வெளியே தள்ளுவதால் காலி இடம் கூடும். திரும்ப ப்ரவுசரைத் தொட்டால் அதையே மறுபடி இழுக்கணும், பல நேரம் டிஸ்க்கிலிருந்து. சமையல் நடுவே பாத்திரத்தைப் பரணில் ஏற்றிய மாதிரி!

காலி ராம் சேமிப்பு இல்லைங்க. தேவையில்லாத டேப்களை மூடுங்க. போதலைன்னா அந்தக் காசை நிஜ ராமுக்குப் போடுங்க.