கடலை வாசமும் அல்சைமரும்: ஒரு வாட்ஸ்அப் சோதனையைப் பற்றி

குடும்ப குரூப்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வீடியோ. பெரியவரின் ஒரு பக்க மூக்கை அடைத்து, மறுபக்கத்துக்குக் கீழே பீநட் பட்டரைப் பிடித்து, எத்தனை சென்டிமீட்டரில் வாசம் தெரிகிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். இடது பக்கம் ரொம்பக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரிகிறதென்றால் அல்சைமராம். காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் இருப்பார், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. வீடியோ காலிலேயே நடத்திவிடலாம் என்பதால் இது இங்கே நன்றாக எடுபடுகிறது. "பீநட் பட்டர் இல்லாட்டி வறுத்த கடலையை அரைச்சு வைங்க" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூல ஆய்வைத் தேடிப் படித்தேன்.

அது 2013-ல் புளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அல்சைமராக இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் அதில் வெறும் 18 பேர். அவர்களுக்கு வலதைவிட இடது மூக்குக்குச் சராசரியாக 10 செ.மீ. கூடுதலாக நெருங்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே ரிச்சர்ட் டோட்டி குழுவினர் செய்து பார்த்ததில் இந்த இடது-வலது வித்தியாசம் வரவில்லை. முதல் செய்தி உலகம் பூராவும் சுற்றியது. இரண்டாவதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

அதற்காக மூக்குக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. கண், காது தகவல்கள் தலாமஸ் வழியாகத்தான் மூளைப் புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்று வேண்டாம், முகர்வுக் குமிழிலிருந்து என்டோரைனல் பகுதிக்கு நேர் இணைப்பே உண்டு. 1991-ல் பிராக் தம்பதியர் காட்டியபடி, டௌ புரதச் சிக்கல்கள் முதலில் தலைகாட்டுவதும் இந்தப் பகுதியை ஒட்டித்தான். பார்வை, கேள்விக்கான முதன்மைப் பகுதிகள் கடைசிக் கட்டம் வரை பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. ஞாபகம் சார்ந்த டிஃபால்ட் மோட் நெட்வொர்க்கும் தளர்கிறது என்று 2004-ல் கிரீசியஸ் குழு எழுதியது. ஆக, வாசத்தை உணர்வதைவிட அதற்குப் பேர் சொல்வதில் இந்த நோயாளிகள் அதிகம் தடுமாறுவது நெட்வொர்க் கோணத்தில் பொருந்தித்தான் போகிறது.

என் முக்கியமான ஆட்சேபம் இந்தப் 'பேர் சொல்வதில்'தான். மென்பொருள்காரன் பாஷையில் இது எண்ட்-டு-எண்ட் டெஸ்ட். ஃபெயில் ஆனால் எந்த மாட்யூல் என்று தெரியாது: மூக்கா, நெட்வொர்க்கா, வார்த்தையா? டோட்டியே 1984-ல் உருவாக்கிய பென்சில்வேனியா சோதனையில் 40 வாசம், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. (அதை விற்கும் நிறுவனத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதில் ரூட் பீர், டில் ஊறுகாய், பபிள் கம் எல்லாம் வருகின்றன. கல்பாசியையும் மராட்டி மொக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் ஆச்சி ரூட் பீருக்கு எங்கே போவார்? லிக்கரிஸ் மிட்டாயைக் கொடுத்தால் 'சோம்பு' என்றோ 'அன்னாசிப்பூ' என்றோ சொல்வார். மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, மதிப்பெண் மட்டும் பூஜ்யம். பார்க்கின்சன் நோயாளிகளுக்காக இந்திய வாசனைகளை வைத்து ஒரு சோதனை 2013-ல் நியூராலஜி இந்தியா இதழில் வந்தது. திசை சரி. ஆனால் செட்டிநாட்டு மூக்குக்கு ஊர்ச் சாமான்களும் தமிழ்ப் பேர்களும் வேண்டும், எழுத்து தெரியாதவருக்கு வாய்விட்டுக் கேட்கும் முறையும் வேண்டும்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது. "தைலம் வாசம் தெரியுதே, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல" என்பார்கள். கற்பூரமும் மெந்தாலும் முகர்வு நரம்பை மட்டும் தொடுபவை அல்ல. முக்கிளை நரம்பையும் குத்தும். வாசனையே தெரியாதவருக்கும் அந்தக் காரம் உறைக்கும். புளோரிடாக்காரர்கள் கடலையை எடுத்ததற்கு இதுவே காரணம், கடலையில் அந்தக் குத்தல் கிடையாது. அந்த அளவில் அவர்கள் யோசித்தது நல்ல யோசனைதான்.

முகர்வு குறைய சைனஸ், பீடி, கோவிட், பார்க்கின்சன், வெறும் வயசு என்று எத்தனையோ காரணம் இருக்கிறது. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4% பேருக்கு டிமென்ஷியா என்று ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அப்படியென்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது இல்லாதவர்கள். அத்தனை பேரிடமும் கடலையோடு போனால், நோயைவிட வீண் பயம்தான் அதிகம் கிடைக்கும். வீட்டிலிருந்து பார்க்க வேண்டியது வேறு: கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறாரா, பழகிய குழம்பில் வரிசை தப்புகிறதா, பேங்க் கணக்கு குழம்புகிறதா. குழம்புகிறதென்றால் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது காதையும் ஒருதரம் பரிசோதித்துவிடுங்கள். கேள்வியே சரியாகக் காதில் விழாதவர் ஞாபகச் சோதனையில் என்ன பதில் சொல்வார்?