ஹைட்ரோவேன்: காற்றே பிடிக்கும் சுக்கான்

பாய்மரப் படகில் நெடுந்தூரம் போகிறவர்களைக் கேளுங்கள், உடம்பை வாட்டுவது சுக்கான் பிடிப்பதுதான் என்பார்கள். இரண்டே பேர் இருக்கும் படகில் இரவும் பகலும் மாறி மாறிப் பிடித்து மாளாது. மின்சார ஆட்டோபைலட் உண்டு. ஆனால் அலை பெருத்தால் அதன் மோட்டார் ஓயாமல் உழைத்து பேட்டரியைக் காலி செய்துவிடும்.

பிரிட்டனில் உருவான ஹைட்ரோவேன் என்ற காற்றுச் சுக்கான் கருவிக்கு ஒரு சொட்டு மின்சாரமும் வேண்டாம். கனாரி தீவுகளுக்குத் தெற்கே, வடகிழக்கு வியாபாரக் காற்றில், நண்பரின் 36 அடிப் படகில் இதைப் பழகிப் பார்த்தேன்.

படகின் பின்புறத்தில், சட்டத்தின்மேல் துணி போர்த்திய ஒரு தகடு நிற்கிறது. அதன் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைக்கிறோம். படகு போக்கு மாறினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் அடிக்கும், தகடு சாயும், அந்தச் சாய்வு கீழே தண்ணீருக்குள் இருக்கும் தனிச் சுக்கானைத் திருப்பும். படகு பழைய போக்குக்கு வந்ததும் தகடு நிமிர்ந்துகொள்ளும். காற்று பலத்தால் தகட்டைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து வைக்கலாம். பெரிய அலை படகின் பின்புறத்தைத் தள்ளும்போது தகடு ஒருமுறை படுத்து எழுவதையும், அடுத்த நொடியே படகு நேராவதையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

இந்த யோசனை புதிதல்ல. 1960-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்திலேயே பிரிட்டிஷ் மாலுமிகள் பிளாண்டி ஹாஸ்லரும் பிரான்சிஸ் சிச்செஸ்டரும் காற்றுத் தகட்டை நம்பித்தான் போனார்கள். 2023-இல் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்த, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்திலும் மின்னணு ஆட்டோபைலட்டுக்குத் தடை; அங்கும் காற்றுத் தகடுதான் துணை.

ஏரீஸ், மானிட்டர் போன்ற வேறு காற்றுத் தகட்டுக் கருவிகள் ஓடும் நீரின் விசையைக் கடன் வாங்கி, கயிறுகள் வழியே படகின் சொந்தச் சுக்கானை இழுக்கும். விசை அதிகம்தான், ஆனால் உட்காரும் இடமெல்லாம் கயிறு. ஹைட்ரோவேனில் அந்தத் தொல்லை இல்லை. சொந்தச் சுக்கானை அசையாமல் கட்டிவிட்டால் போதும். அது உடைந்தாலும் கரை சேர இன்னொன்று இருக்கிறது. ஹைட்ரோவேனை விரும்ப எனக்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் பாய்களைச் சமன் செய்யாமல் இந்தக் கருவியிடம் வேலை வாங்க முடியாது. பெரிய பாயை முழுதாக விரித்து வைத்தால் படகு காற்றை நோக்கித் திமிறும், இந்தச் சிறு சுக்கானால் அடக்க முடியாது. பாயை முன்கூட்டியே சுருக்குங்கள். பின்காற்று மெலிந்தாலும் சிக்கல்: 10 நாட் காற்றில் படகு 5 நாட் ஓடினால் தகட்டுக்குக் கிடைப்பது மீதி 5 நாட்தான், தகடு தள்ளாடும். காற்று திசை மாறினால் படகும் சத்தமில்லாமல் கூடவே திரும்பிவிடும். கரையோரத்தில் இதை நம்பித் தூங்கக் கூடாது.

விலை பல லட்சம் ரூபாய். சனி ஞாயிறு மட்டும் கரையை ஒட்டிப் போகிறவர்களுக்குச் சுக்கான் பிடியை அசைக்கும் சிறிய மின்சார டில்லர் பைலட்டே போதும். கடல் கடக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அவர்களும் ஒரு டில்லர் பைலட்டை வைத்துக்கொள்வது நல்லது. காற்றே இல்லாமல் என்ஜினில் போகும்போது, தகட்டுக்குப் பதில் அதை ஹைட்ரோவேனிலேயே மாட்டிக்கொள்ளலாம்.