கல் பாண்டியாவும் கல்லொட்டியும்

கண்டியிலிருந்து சென்னை போன ஒரு மீன் வளர்ப்பாளர், கொளத்தூர்க் கடையொன்றில் தம் கைபேசியிலிருந்த படத்தைக் காட்டினார். விரல் நீள மீன். உருண்ட உடல், தட்டையான அடிவயிறு. கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது எங்க கல்லொட்டிதானே சார். இலங்கைக்குன்னு தனியா என்ன இருக்கு?” என்றார்.

அந்தச் சொல் சுட்டது. இலங்கைக்கென்று தனியாக இருப்பதில் அந்த மீனும் ஒன்று.

அதன் விஞ்ஞானப் பெயர் கர்ரா சிலோனென்சிஸ். 1863இல் பிளீக்கர் விவரித்த இனம். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. கடைக்காரர் நினைத்தது பெரும்பாலும் கர்ரா முல்யாவாக இருக்கும். அதைத் தக்காணத்திலிருந்து சைக்ஸ் 1839இல் விவரித்தார். இரண்டும் உறவுக்காரர்கள்தாம். கீழுதட்டுக்குப் பின்னுள்ள சதைத்தட்டால் கல்லைப் பற்றிக்கொண்டு, வெள்ளம் இழுத்தாலும் விடாமல் பாசியைச் சுரண்டித் தின்பது இருவருக்கும் பொதுக் குணம். பனியுகங்களில் கடல் தாழ்ந்தபோதெல்லாம் இரு கரைகளும் நிலத்தால் இணைந்தன. அப்படியிருந்தும் இலங்கையின் நன்னீர் உயிர்கள் பல தம் தனித்தன்மையைக் காத்துக்கொண்டன என்பதை 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

எண்ணிக்கையில் இந்தியாவே முன்னால். களக்காட்டின் பெயரைத் தாங்கிய கர்ரா கலகாடென்சிஸ், ஏலமலைகளின் கர்ரா ஹியூகி என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டியல் நீள்கிறது. இலங்கையில் கர்ரா சிலோனென்சிஸுடன் நக்கிள்ஸ் மலைப்பக்கத்து கர்ரா பிலிப்சியைச் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் இத்தனை சிறிய தீவுக்கு இரண்டு சொந்த இனங்கள் என்பது குறைவா?

பெயர்கள்தாம் வேடிக்கை. சிங்களத்தில் இது கல் பாண்டியா. அந்தக் கல்லுக்குத் தமிழிலுள்ள பொருளேதான். மலையாளத்தில் கல்லேமுட்டி. எல்லா நாவிலும் கல்லைச் சொல்லாமல் இந்த மீனைச் சொல்ல முடியவில்லை. ஆங்கிலம் படித்த இலங்கையர் ‘ஸ்டோன் சக்கர்’ என்பார்கள். கொளத்தூரில் ‘சக்கர்’ என்று கேட்டால் தென்னமெரிக்காவின் முட்தோல் கெளுத்தியைப் பையில் போட்டுத் தருவார்கள். கண்டியில் அதே கெளுத்திக்கு ‘டேங்க் கிளீனர்’ என்று பெயர். குட்டியில் கண்ணாடியைத் துடைக்கும் அது, வளர்ந்ததும் தொட்டிக்குள் அடங்காது. அதைக் குளத்திலும் ஆற்றிலும் கொண்டுபோய் விட்டவர்கள் இரு நாட்டிலும் உண்டு. அது கரையைத் துளைக்கிறது, வலையைக் கிழிக்கிறது.

உள்ளூர் மீனைத் தொட்டியில் வைப்பதிலும் வேறுபாடு தெரிகிறது. கொளத்தூரில் கழித்த ஒரே பிற்பகலில் அந்தக் கண்டிக்காரர் கண்ட தொட்டிகளில் தண்ணீர் அசையவே இல்லை. கல் பாண்டியாவுக்கு அது ஆகாது. அதற்குப் பாய்ந்து வரும் நீர் வேண்டும், உயிர்வளி நிறைய வேண்டும், உருண்ட கற்கள் வேண்டும். ஈரமான கண்ணாடியில் ஒட்டி ஏறிவிடும் என்பதால் மூடியும் அவசியம். பாசி தீர்ந்ததும் பட்டினி போடக்கூடாது. அவித்த வெள்ளரித் துண்டு போதும், கங்குன் இலையும் தின்னும். சென்னையில் கங்குன் என்றால் யாருக்கும் விளங்கவில்லை. வள்ளைக்கீரை என்று சொன்ன பிறகே தலையாட்டினார்கள்.

ஆனாலும் அந்த மீனின் அழகைத் தொட்டி காட்டாது. கித்துல்கலைப் பக்கத்து ஓடையில் காலை நனைத்தபடி உட்கார்ந்தால், கற்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து குதிகாலைக் கொத்தும். கொத்துவதில் வலியே இராது, கூச்சம்தான். நகரத்துக் கடைகளில் காசு கொடுத்து அனுபவிப்பதை ஓடை சும்மா தருகிறது. தென்னிந்திய மலையோடைகளிலும் இதே கூச்சம் உண்டு என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். கித்துல்கலைத் தண்ணீரின் குளிர்ச்சி அங்கும் இருக்குமா?

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும், ஓடைக் கற்களின் பச்சைப் பாசியில் சிறு வாய்கள் சுரண்டிய வெளிறிய தடங்கள் தெரியும். மேலே காடழித்து மண் இறங்கிய ஓடைகளில் கற்களின் மேல் சேறு படிந்து கிடக்கிறது. அங்கே அந்தத் தடங்களைக் காணோம்.