சுவரில் ஒட்டிய சொல்: 1801 திருச்சிராப்பள்ளி அறிக்கையை மூல ஆவணமாகக் கற்பித்தல்

ஆய்வுச்சுருக்கம்

1801 சூன் திங்களில் சின்ன மருதுவின் பெயரால் வெளியான அறிக்கை, திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது. விடுதலைப் போரின் முதற் குரலாகப் பாடநூல்களில் போற்றப்பெறும் இவ்வறிக்கை, மாணவர்க்குப் பெரும்பாலும் சுருக்கமாகவே அறிமுகமாகிறது. அறிக்கையின் வாசகத்தையே வகுப்பறையில் முன்வைத்தால், தமிழர் இருபுறமும் நின்ற ஒரு போரின் சிக்கல் எவ்வாறு விளங்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருச்சிராப்பள்ளி அறிக்கை, மருது சகோதரர்கள், மூல ஆவணம், ஒம்படைக்கிளவி, வரலாறு கற்பித்தல்.

முன்னுரை

1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதற்கும், 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதற்கும் இடைப்பட்ட ஈராண்டுகளில் தென்தமிழகம் பெரும் போரைக் கண்டது. இதனைப் ‘பாளையக்காரர் போர்’ என்பாரும் உளர். ‘தென்னிந்தியப் புரட்சி’ என்பாரும் உளர். கே. இராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூல் இதனை முதல் விடுதலைப் போர் என நிறுவ முற்பட்டது. பெயரிடுவதிலேயே கருத்து வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

பேச்சுவழக்கில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையானது. ‘எட்டப்பன்’ என்னும் பாளையக்காரர் பெயர் தமிழில் துரோகியைச் சுட்டும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. சான்றுகள் வகுப்பறைக்குள் வருமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. பாளையக்காரர்கள் இன்று சமூக அடையாளங்களாகவும் கொண்டாடப்பெறுவதால், அத்தீர்ப்பு எதிரே அமர்ந்திருக்கும் மாணவரின் ஊரையும் குடியையும் தொடும் வாய்ப்பு உண்டு.

பாடநூலும் ஆவணமும்

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல், இவ்வறிக்கையை வட்டாரம், சாதி, சமயம் கடந்த முதல் அறைகூவலாக மதிப்பிடுகிறது. புதுக்கோட்டை, எட்டயபுரம், தஞ்சாவூர் ஆகியவற்றின் ஆட்சியாளர்கள் ஆங்கிலேயருக்குத் துணைநின்றதையும் அதே பகுதி குறிப்பிடுகிறது. அனைவரையும் அழைத்த அறிக்கைக்கு அனைவரும் ஏன் செவிசாய்க்கவில்லை என்னும் வினா இவ்விரு செய்திகளுக்கும் இடையே எழுகிறது. சுருக்கத்தைக் கொண்டு அதற்கு விடை காண இயலாது.

அறிக்கையின் வாசகம் விடைக்கு வழிகாட்டுகிறது. நால்வருணத்தாரையும் முசல்மான்களையும் விளித்துத் தொடங்கும் அது, ஐரோப்பியர் வஞ்சனையால் நாட்டைக் கைப்பற்றியதைச் சொல்வதோடு, மக்களிடையே ஒற்றுமை இன்மையையும் ஒருவரையொருவர் பழித்ததையும் காரணமாகக் காட்டுகிறது. ஆகவே, ஒற்றுமை இவ்வறிக்கையில் வேண்டுகோளாக உள்ளது. நிலவிய உண்மையாக அது கூறப்படவில்லை. கும்பெனிப் படையின் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரை அது தனியே விளிப்பதும் கருதத்தக்கது. எதிரணியில் நின்றோருள் இந்நாட்டவர் பலர் என்பதற்கு அவ்விளியே அகச்சான்று.

அறிக்கை வேண்டும் எதிர்காலமும் நுணுகி நோக்கத்தக்கது. ஆற்காட்டு நவாப் முதலானோர் தத்தம் நாட்டை முன்னோர் மரபுப்படி ஆளவேண்டும். ஐரோப்பியர் நவாபுக்கு அடங்கிப் பணிபுரியவேண்டும் என்பதே அதன் திட்டம். இது பழைய ஆட்சிமுறையின் மீட்பு. இதில் பிற்காலத் தேசியத்தின் குடியாட்சிக் கருத்தைத் தேடுவது காலமுரண் ஆகும். எனினும், பல அரசுகளாகப் பிரிந்து கிடந்த நிலத்தைச் ‘சம்புத்தீவு’ என்னும் ஒரே பெயரால் அது விளித்தது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேரக் காண மாணவரைப் பழக்குவதே கற்பித்தலின் பணி.

மதிலும் மரபும்

திருவரங்கத்தில் கற்பிப்போர்க்கு வேறெங்கும் வாய்க்காத துணை ஒன்று உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயில் கல்வெட்டுகளுக்கே உரியது. அறத்துக்குத் தீங்கு செய்வோர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் விழுவர் என்னும் ஒம்படைக்கிளவி தமிழ்க் கல்வெட்டுகளில் பயின்று வருவது. 1801 அறிக்கையும், தன் சொல்லை ஏற்காதார் மீது அதே பசுக்கொலைப் பாவத்தைச் சுமத்துகிறது. தாளைக் கிழிப்போர்க்குப் பெரும்பாதகத்தைச் சுட்டுகிறது. உடன்படாத முசல்மானுக்கு அவர் சமயம் விலக்கிய ஒன்றைக் கூறித் தனிச் சாபம் வைக்கிறது.

இவ்வொப்பீடு இரண்டு உண்மைகளைத் தரும். அறிக்கையாளர் புதுமையான அரசியற் செய்தியை மக்கள் நன்கறிந்த வாய்பாட்டில் அமைத்தார் என்பது ஒன்று. தானம் காக்க எழுந்த சாபம் இங்குப் போருக்கு அழைக்கும் சாபமாக மாறியது என்பது மற்றொன்று. இணங்காதார் பலர் இருப்பர் என்ற எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் இத்துணைக் கடுஞ்சாபத்திற்குத் தேவை இல்லை.

மொழிபெயர்ப்பின் திரை

ஆய்வாளர் இன்று கையாளுவது கும்பெனி ஆவணத்தில் இடம்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு. வழக்கிலுள்ள தமிழ் வாசகம் அதன் மறுதமிழாக்கம். ஐரோப்பியரைப் பழிக்கும் சொல் பிறப்பிழிவைக் குறித்ததா, பொதுவான வசையா என்பதை ஆங்கிலத்தைக் கொண்டு துணிய இயலாது. தமிழாக்கத்தின் வீறுமிக்க நடையை மூலத்தின் நடை என மாணவர் மயங்கலாம். இவ்வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே உணர்த்துதல் வேண்டும்.

எதிர்ச் சான்றுகள்

அறிக்கையை மட்டும் வைப்பது ஒருபுறச் சான்றை வைப்பதாகும். படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவருக்கே சிவகங்கையின் உரிமை எனக் கும்பெனி 1801இல் அறிவித்ததையும் உடன்வைக்க வேண்டும். உரிமை குறித்த உள்நாட்டுப் பூசல் போரின் போக்கை எவ்வாறு மாற்றியது என்பது அப்போது புலப்படும். கும்பெனிப் படையில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், சின்ன மருது தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்பித்ததை நன்றியுடன் குறிக்கிறார். நாடுகடத்தப்பட்ட அவர் மகன் துரைசாமியைப் பினாங்கில் சந்தித்ததையும் எழுதுகிறார். பகைவரின் நூலில் பரிவு வெளிப்படுகிறது. எனினும் அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த நினைவு. சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் மூன்றாவது வகைச் சான்றாகும். யார், எப்போது, யாருக்காகச் சொன்னார் என்னும் வினாக்களை இவை ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டும்.

முடிவுரை

ஆவணத்தை நேரே படிப்பதால் மருது சகோதரர்களின் பெருமை குறைந்துவிடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை. ஒன்றுபடாத மக்களை நோக்கி, அவர்கள் ஒன்றுபடவில்லை என்பதை அறிந்தே விடுத்த அழைப்பு அது. அதன் துணிவு அங்கேதான் உள்ளது. புதுக்கோட்டையும் எட்டயபுரமும் எடுத்த முடிவை வசையாகக் கேட்டுப் பழகிய மாணவர், அம்முடிவுக்கு அச்சமா, உரிமைப் பூசலா, ஆதாயமா காரணம் என்று சான்றுகொண்டு வினவக் கற்பர். கோட்டையும் கோயிலும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்த திருச்சிராப்பள்ளியின் கல்லூரிகள் இப்பயிற்சியைத் தொடங்குதல் பொருத்தமாகும்.