தேயிலைக்கு மருந்து: ஹட்டனிலும் நீலகிரியிலும்

தேயிலையைத் தாக்கும் கொப்புள நோய் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் ஒரே ஆண்டில் வந்தது, 1946-இல். அசாமில் 1868-லேயே கண்டறியப்பட்ட பூசணம் அது. இளம் இலையில் முதலில் எண்ணெய் பட்டதுபோல் ஒரு சிறு புள்ளி தெரியும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். நாளாக ஆக இலையின் மேற்பக்கம் குழிந்துபோய், அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைக்கும். அதன்மேல் மாவு தூவினதுபோல் வெள்ளை படியும். முற்றிய இலையை இந்த நோய் தொடுவதில்லை. ஆனால் தேயிலையில் விலை போவதே இளம் இலைதானே!

நோய் வந்த பிறகான பருவமழைக் காலங்களில் தலவாக்கலையிலும் குன்னூரிலும் தோட்டக்காரர்கள் கைக்கொண்டது ஒரே மருந்து: செம்பு கலந்த பூசணக்கொல்லி. தென்னிந்தியாவில் அதோடு நிக்கல் குளோரைடையும் சேர்த்து அடித்தார்கள். பின்னாளில் ஹெக்சகோனசோல் போன்றவை வந்தன. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். வால்பாறையில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலையம். மழை, மூடுபனி, நோய் எல்லாம் இரண்டு இடத்துக்கும் பொது. வேலை செய்த கைகளும் பெரும்பாலும் ஒரே வம்சத்துக் கைகள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களுக்காகவே தமிழக அரசு 1968-இல் தொடங்கியது இன்று டான்டீ எனப்படும் தேயிலைத் தோட்டம். ஹட்டன் பக்கம் கவ்வாத்து வெட்டியவர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் அதே கத்தியைப் பிடித்தார். ஆகவே ஹட்டனையும் நீலகிரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் வலிந்து செய்வது எதுவும் இல்லை.

பூச்சிகள் விஷயத்தில் இலங்கைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல கதை உண்டு. இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையகத் தோட்டங்களைப் படாத பாடு படுத்தியது. 1935–36-இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்றே வளரும். சில ஆண்டுகளில் புழு அடங்கியது. பூச்சிக்குப் பூச்சியையே எதிரியாக்கும் முறையில் உலக அளவில் எடுத்துக்காட்டப்படும் வெற்றி அது.

அதைக் கெடுத்ததும் அதே இலங்கைதான். தண்டைத் துளைக்கும் சிறு வண்டு ஒன்று 1890-களிலிருந்தே நடுத்தர உயரத் தோட்டங்களில் இருந்துவந்தது. அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் ஒரு பூசணத்தை வளர்த்து அதைத் தின்கிறது. மலையில் கொழுந்து எடுக்கும் பெண் செடிகளுக்கு இடையே இடுப்பால் தள்ளிக்கொண்டு போகும்போது, துளைபட்ட கிளை ‘படக்’கென்று முறியும், முறிந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை தெரியும். இந்த வண்டுக்கு எதிராகப் பிறகு டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டு குறைந்தது, அதோடு குளவியும் குறைந்தது. அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டுப் புழு மறுபடி தலைதூக்கியது. மருந்தை மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பூச்சிதான் தெரியும். மலைக்குள் இருப்பதோ பல.

மருந்துகளைத் தடை செய்த விஷயத்துக்கு வருவோம். இலங்கையின் தடைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. 1995-இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் ஆகியவையும் 1998-இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. பாராகுவாட் பிற்பாடு படிப்படியாக நிறுத்தப்பட்டது. அந்நாட்டின் தற்கொலை எண்ணிக்கை பெருமளவு குறைந்ததற்கு இந்தத் தடைகள் முக்கியக் காரணம் என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். விளைச்சலும் விழவில்லை. மாற்று மருந்து கடையில் இருந்தது, மாறிக்கொள்ள அவகாசமும் இருந்தது.

2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு வந்த தடை வேறு ரகம். வறள்வலயத்து விவசாயிகளின் சிறுநீரக நோயை முன்னிட்டு வந்த தடை, அந்த நோய் பேசப்படாத நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைக்கும் சேர்த்தே விழுந்தது. புல் வளர்ந்தது. சுரண்டியால் புல்லைச் சுரண்டினால் சரிவில் மேல்மண்ணும் சேர்ந்து ஓடிவிடும். கையால் பிடுங்க ஆளில்லை. சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைக்கொல்லிக்குத் தாவின. அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் பிரச்சினை எழுப்ப, 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் திரும்பி வந்தது. மூன்று வருடம் கழித்து, 2021 மே மாதம், இரசாயன உரம், விவசாய மருந்து இரண்டின் இறக்குமதியும் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நின்றது. நவம்பரில் தடை நீங்கிவிட்டது. ஆனால் தேயிலைச் செடி வர்த்தமானி படிப்பதில்லை: 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது.

இந்தியா இப்படி ஒரே இரவில் எதையும் செய்யவில்லை. அங்கே தேயிலை வாரியம் 2014-இல் பயிர்ப் பாதுகாப்பு விதிமுறை ஒன்றை வெளியிட்டு, தேயிலைக்கு எந்தெந்த மருந்து அடிக்கலாம் என்று பட்டியல் போட்டது. அவ்வப்போது அதைத் திருத்தியும் வருகிறது. அணுகுமுறை நல்லது. சிக்கல் வேறு இடத்தில். ஹட்டனில் மருந்தை முடிவு செய்வது கம்பனி. தொரை சொல்வார், கங்காணி நிறைவேற்றுவார். நீலகிரியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக்காரர் சொன்னதை வாங்கி அடிக்கிறார்கள். எல்லோருடைய பச்சைத் தேயிலையும் ஒரே ஆலையில் கொட்டப்படுகிறது. ஒருவர் பட்டியலில் இல்லாத மருந்தை அடித்தால் போதும், பத்துப் பேருடைய தேயிலை கெடும். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள்தான் அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணை போட்டது. ஒரு ஏக்கர் தோட்டத்துக்காரர் எங்கே போய் அப்படி ஒருவரைத் தேடுவார் என்பதை அந்த ஆணை சொல்லவில்லை.

தேயிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க, இங்கே மக்காச்சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் அதைத் தின்னும் படைப்புழு முதலில் இந்தியாவையும் அந்த ஆண்டு இறுதிக்குள் இலங்கையையும் பிடித்தது. லயத்துப் பின்புறம் நாலு வரிசை சோளம் போட்டவர்கள்கூட குருத்துக்குள் புழுவின் எச்சத்தைப் பார்த்திருப்பார்கள். பூச்சி ஒருபுறமிருக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மக்காச்சோளத்துக்கென்று வளர்ச்சி ஊக்கியும் சத்தும் கலந்த ‘மக்காச்சோள மேக்சிம்’ வைத்திருக்கிறது. ஆண் பூ வரும்போதும் மணி பிடிக்கும்போதும் இலைவழியாக அடிப்பது. அதைப் பார்த்துவிட்டுத் தேயிலைக்கும் ஏன் இப்படி ஒன்று இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. சோளத்தில் நமக்கு வேண்டியது பூவும் மணியும். தேயிலையில் பூ வந்தால் நட்டம். தேயிலையின் வளர்ச்சியை ஆள்வது கத்தியும் விரலும். உயரமான தோட்டங்களில் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து. இடையில் வாராவாரம் கொழுந்து. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் குருத்து கிளம்பும். மேலுக்குத் துத்தநாக சல்பேட்டு தெளிப்பது இரண்டு நாட்டிலும் உண்டு; அது துணைதான்.

பூச்சி, நோய்க் கட்டுப்பாட்டிலும் அதே விரல்தான் முதல் ஆயுதம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கொப்புள நோய் இலையில் விழுந்து வித்து பரப்புவதற்கு எவ்வளவு விரைந்தாலும் பத்துப் பதினொரு நாளாவது வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை சுற்று தவறாமல் கொழுந்து எடுத்தால், நோய்பட்ட இலைகளில் பெரும்பகுதி வித்து பரப்புமுன்னே கூடையில் விழுந்துவிடும். விட்டுவைத்த குருத்துகளுக்கு மட்டும் மருந்து போதும். வால்பாறையைச் சில ஆண்டுகளாக ஆட்டிப்படைக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சி குருத்துத் தண்டில் செருகிவைக்கும் முட்டைகளும் இப்படித்தான் வெளியேறுகின்றன. சுற்று பதினைந்து நாளானால் எந்த விலை மருந்தும் பின்னால் ஓடவேண்டியதுதான்.

சுற்று ஏன் தவறுகிறது? ஆளில்லை. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். நீலகிரிப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும். வால்பாறைத் தோட்டங்கள் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவருகின்றன. நீலகிரியில் கத்தரி வந்துவிட்டது. கத்தரி வேலையை விரைவாக்கும், ஆனால் மட்டத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் வெட்டும். நோய்பட்டது எது, வங்கி எனப்படும் வளர்ச்சி நின்ற குருத்து எது என்று அதற்குத் தெரியாது, சுற்றும் நீளும். மலையகத்துக்கு வெளியிலிருந்து ஆள் வர வழியில்லை. அங்கே இன்னும் பெரும்பாலும் கைதான், அந்தக் கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. மிச்சமிருப்பவர்கள் புல் மண்டிய மலையில் அட்டைக்கும் குளவிக்கும் நடுவே நின்று அன்றைய ‘பேருக்கான’, அதாவது முழு நாள் கூலிக்கான, நிறையை எட்டப் பார்க்கிறார்கள். எட்டாவிட்டால் அரைப் பேர்.

கொழும்பின் தடையும் கொல்கத்தாவிலுள்ள தேயிலை வாரியத்தின் பட்டியலும் மருந்துப் புட்டியைப் பற்றியே பேசுகின்றன, கூடை சுமப்பவரைப் பற்றிப் பேசுவதில்லை. தோட்டக் கம்பனிகளும் டான்டீயும் தங்கள் பயிர்ப் பாதுகாப்புச் செலவுக் கணக்கில் கொழுந்து எடுப்பவரின் கூலியையும் ஒரு வரியாக எழுதவேண்டும். அந்தக் கூலி ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியானால் ஆள் நிற்கும், ஆள் நின்றால் சுற்று தவறாது, மருந்துச் செலவில் ஒரு பகுதி தானாகவே குறையும்.