அரைக் கல்

1648-இல் ரெம்ப்ராண்ட் செய்த செப்புத்தகட்டு அச்சு ஒன்று. வீட்டு வாசலில் ஒரு பிச்சைக்காரக் குடும்பம். முதுகில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணின் கையில் காசு விழுகிறது. கொடுக்கிற கிழவர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறார், உள்ளே கூப்பிடவில்லை. வறுமையை இரக்கத்தின் பண்டமாக்கி விற்ற சந்தை இது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். சொல்லலாம்தான். ஆனாலும் அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது.

பத்தே வருஷத்தில், 1658-இல், டச்சுக் கம்பெனி தூத்துக்குடியைப் பிடித்தது. ரெம்ப்ராண்ட் வாழ்ந்த அதே ஆம்ஸ்டர்டாமில் 1682-இல் அச்சான நியூஹாஃபின் பயண நூலில் நம்ம ஊரும் செப்புத்தகட்டில் ஏறியது. கடலிலிருந்து பார்த்த ஊர், முன்னால் கப்பல்கள். கம்பெனிக்காரன் கண் அவ்வளவுதான் பார்க்கும். கொற்கை முத்து என்று மேடையில் பெருமையடிக்கிற நமக்கும் அந்தக் கண்தானே?

முத்துக் குளித்த பரதவரும் முஸ்லிம்களும் படத்தில் இல்லாவிட்டால் என்ன, கணக்கில் இருக்கிறார்கள். ஆளாக அல்ல, கல்லாக. கடலடிக்கு இறங்க அவர்கள் பிடித்த கல்தான் வரிக்கு அளவு. மதுரை நாயக்கருக்கு வரியில்லாமல் விட்டது 96½ கல். அந்த அரைக் கல்லுக்கு மூச்சடக்கியவன் யார்?