மலர் ஈயை இனங்காணும் நுட்பம்

குளவியையும் தேனீயையும் போலத் தோற்றம் காட்டி, பூக்களின்மேல் அந்தரத்தில் நிலைத்துப் பறக்கும் மலர் ஈக்களை அடையாளம் காண்பதில் நிறத்தைவிட உடலமைப்பே நம்பத்தக்க சான்றாகும். குளவிக்கு இரண்டு இணைச் சிறகுகள் இருக்க, ஈக்கு ஓர் இணை மட்டுமே உண்டு. பின்னிணை, பறக்கும்போது சமநிலை காக்கும் சிறு குமிழ்களாகக் குறுகியிருக்கும். மலர் ஈக்கள் பெரும்பாலானவற்றின் சிறகு நடுவில், வேறெந்த நரம்போடும் சேராமல் ஓடி மறையும் ‘பொய் நரம்பு’ என்னும் மெல்லிய மடிப்பைக் கை லென்ஸில் காண்பது தனி இன்பம்.

அரிய இனங்களைத் தேடுவதற்கோ இதனினும் நுட்பம் வேண்டும். பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்குக் காடுகளில் எஞ்சியிருக்கும் பைன் மலர் ஈ, கரிய உடலும் செம்மஞ்சள் வால்நுனியும் கொண்டது. வளர்ந்த ஈ கண்ணில் படுவது அபூர்வம் என்பதால், ஆய்வாளர்கள் பூக்களை மட்டும் நம்பியிராமல், வைரம் எனப்படும் நடுமரம் பூஞ்சையால் உளுத்துப்போன பைன் அடிக்கட்டைகளின் நீர் தேங்கிய குழிகளைத் துழாவி, நீண்ட மூச்சுக்குழலால் சுவாசிக்கும் அதன் புழுக்களைத் தேடுகின்றனர். உளுத்த கட்டையைக் குப்பையென அகற்றாமல் காட்டிலேயே விட்டுவைப்பது இந்த ஈயைக் காக்கும் முதல் கடமையாகும்.